எழுதத் தெரியாத பிள்ளை எவருமில்லை

"பேசச் சொன்னால் வாய் ஓயாமல் பேசுவாள். எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் வராது."

ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலரிடமிருந்து கேட்கும் முறைப்பாடு இது. ஆசிரியைகளும் இதையே வேறு விதமாகக் கூறுவர். நாற்பது பிள்ளைகளின் கொப்பிகளைச் சேர்த்துத் திருத்த உட்கார்ந்தால் நாற்பதிலும் ஒரே கட்டுரைதான் இருக்கும். "கீழ்வானம் சிவந்தது. பறவைகள் கீச்சிட்டன. சூரியன் தனது பொற்கதிர்களைப் பரப்பினான்" என்று தொடங்கி, "எனவே நாமும் இயற்கையைப் பேணி வாழ்வோமாக" என்று அது முடியும். எழுதிய பிள்ளை அன்று காலை சூரியனையும் பார்த்திருக்காது, பறவையின் கீச்சொலியையும் கேட்டிருக்காது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மனனமிட்ட பந்தி, மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரும் பேனையின் நுனியில் நிற்கின்றது.

இப்போது இந்த மனன வேலைகூட அவசியமற்றதாகிவிட்டது. கைத்தொலைபேசியிடம் தலைப்பைச் சொன்னால் அது ஒரு நிமிடத்தில் கட்டுரையைத் தந்துவிடுகின்றது. பிள்ளை அதைப் பார்த்து எழுதுகிறது, புள்ளியும் கிடைக்கிறது. எனினும் தன் கண்ணால் கண்டதைத் தன் சொல்லால் சொல்லும் பழக்கம் மட்டும் அப்பிள்ளைக்கு வருவதேயில்லை.

இதில் நட்டம் என்னவென்று கேட்கலாம். எல்லாப் பிள்ளைகளும் கதாசிரியர்கள் ஆகப் போவதில்லை என்பது உண்மையே. ஆனால் நாளை அந்த மகள் ஒரு விண்ணப்பத்தை எழுத வேண்டி வரும். தனக்கு நேர்ந்த அநீதியொன்றைத் தெளிவாக எடுத்துக்கூற வேண்டி வரும். தனது பிள்ளையின் நோயை வைத்தியரிடம் விபரிக்க வேண்டி வரும். 'எழுத்தென்றால் பிறருடைய சொற்கள்' என்று பன்னிரண்டு வயதில் நம்பிவிட்ட பிள்ளை, அந்த நேரங்களிலும் பிறருடைய சொற்களையே தேடித் தடுமாறும். அது மட்டுமல்ல. இந்த வயதில்தான் எமது பெண்பிள்ளைகள் மெல்ல மெல்ல மௌனமாகின்றனர். வாய்விட்டுச் சொல்ல முடியாத எத்தனையோ விடயங்கள் அவர்களது மனதில் சேர்கின்றன. அவற்றை இறக்கிவைக்க ஒரு கொப்பியாவது இருக்க வேண்டாமா?

நேரம், தெரிவு, பதில்

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிப்பது பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களுள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த நான்ஸி அட்வெல் என்ற ஆசிரியை குறிப்பிடத்தக்கவர். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடன் தாம் பெற்ற அனுபவத்தை 'நடுவில்' எனப் பொருள்படும் தலைப்பில் 1987ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1990இல் சிறிய பாடசாலையொன்றையும் ஆரம்பித்தார். 2015ஆம் ஆண்டு துபாயில் முதன்முறையாக வழங்கப்பட்ட உலக ஆசிரியர் விருது அவருக்கே கிடைத்தது. அதனுடன் கிடைத்த பத்து இலட்சம் டொலரையும் அவர் தமது பாடசாலைக்கே கொடுத்துவிட்டார்.

அவரது முறையில் மந்திரம் எதுவுமில்லை. பாடவேளையின் ஆரம்பத்தில் ஆசிரியை ஒரேயொரு நுட்பத்தைச் சுருக்கமாக விளக்குவார். எஞ்சிய நேரத்தின் பெரும் பகுதியில் பிள்ளைகள் எழுதுவர். ஆசிரியை ஒவ்வொருவரிடமும் சென்று, எழுதியது பற்றி இரண்டொரு வார்த்தை பேசுவார். பிள்ளைகளின் முன்னிலையில் தாமும் எழுதிக் காட்டுவார். இவ்வழியைப் பின்பற்றும் ஆசிரியர்கள் மூன்று விடயங்களை வலியுறுத்துகின்றனர். எழுதுவதற்கு ஒழுங்கான நேரம் வேண்டும். எதைப் பற்றி எழுதுவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்ய வேண்டும். எழுதியதை வாசித்து மனிதர் ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

எமது வீடுகளில் இம்மூன்றையும் கொடுப்பதற்குப் பணம் தேவையில்லை. கிழமையில் மூன்று நாட்கள், ஒரு நாளைக்கு பதினைந்து நிமிடங்கள் போதும். அஸர் தொழுகைக்குப் பின்னரோ, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரோ எது வசதியோ அதுவாக இருக்கட்டும். முடியுமாயின் உம்மாவும் ஒரு கடதாசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்து எழுதுவது சிறந்தது. எழுதும்போது பெரியவரும் யோசித்து, வெட்டி, மீண்டும் எழுதுகிறார் என்பதைக் காண்பதே பிள்ளைக்கு முதற் பாடமாகும்.

பெயர் சொல்லி எழுதப் பழக்குங்கள்

நுட்பங்களுள் மிக இலகுவானது இது. "வீட்டில் ஒரு மரம் நின்றது" என்று பிள்ளை எழுதினால், "அது என்ன மரம் மகள்?" என்று கேளுங்கள். ஈரப்பலாவா, முருங்கையா, ஜம்புவா? "பெருநாளன்று சுவையான உணவுகளை உண்டோம்" என்பதை வாசிப்பவர் நாக்கில் எதுவும் படுவதில்லை. "வட்டிலப்பத்தின் மேலே மிதந்த கஜுவைத் தம்பி மட்டும் பொறுக்கித் தின்றான்" என்றால் அந்த வீடே கண்முன் வருகிறது. பொதுச் சொல்லை நீக்கிப் பொருளின் சொந்தப் பெயரை வைக்கும்போது, பிள்ளை தன்னையறியாமலே உற்றுப் பார்க்கத் தொடங்குகிறது.

இதையடுத்து ஐம்புலன்களையும் எழுத்துக்குள் அழைக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதுவர். கடதாசியில் ஐந்து நிரல்களைக் கீறி, கண்டது, கேட்டது, மணந்தது, ருசித்தது, தொட்டது எனத் தலைப்பிடச் சொல்லுங்கள். பெருநாளுக்கு முந்திய நாள் கடைத்தெரு, பாடசாலை விட்டு வரும் பஸ், கலியாண வீட்டின் பின்வளவு என எதையாவது எடுத்து நிரல்களை நிரப்பட்டும். அவற்றிலிருந்து சிறந்த நான்கு விடயங்களை மட்டும் தெரிந்து ஒரு பந்தி எழுதட்டும். எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது, தெரிந்தெடுக்க வேண்டும் என்பதும் இதனுள் அடங்கிய பாடமே.

உணர்ச்சியின் பெயரைத் தடை செய்தல்

ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விரும்பிச் செய்யும் பயிற்சியொன்று உண்டு. ஒரு பந்தி எழுத வேண்டும். அதில் வரும் ஆள் கோபமாக இருக்கிறார். ஆனால் 'கோபம்' என்ற சொல்லோ அதன் உறவுச் சொற்களோ வரக்கூடாது.

"உம்மாவுக்கு மிகவும் கோபம் வந்தது" என்பது ஒரு செய்தி. "உம்மா ஒன்றும் பேசவில்லை. கழுவிய கோப்பைகளை ஒவ்வொன்றாகச் சத்தம் வர அடுக்கினார். நான் 'உம்மா' என்றபோது தண்ணீர்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார்" என்பது காட்சி. வாசிப்பவரே 'இவருக்குக் கோபம்' என்று கண்டுகொள்கிறார். கவலை, பயம், பொறாமை, வெட்கம் என ஒவ்வொன்றையும் இவ்வாறு எழுதிப் பார்க்கலாம். மனிதர்களின் முகத்தையும் கையையும் கவனித்து அவர்களது மனதை விளங்கிக்கொள்ளும் ஆற்றலையும் இப்பயிற்சி வளர்க்கும்.

இரண்டு சொல்லில் ஒரு கதை

கற்பனை வரவில்லை என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இத்தாலிய எழுத்தாளர் ஜியானி ரொடாரி ஒரு வழி சொல்லியிருக்கிறார். ஒரு காலத்தில் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்த இவர், சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் விருதை 1970இல் பெற்றவர். கதை புனையும் கலை பற்றி 1973இல் எழுதிய நூலில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களை எடுத்துப் பக்கத்தில் வைக்கும்படி கூறுகிறார். அவர் காட்டும் உதாரணம் நாயும் அலுமாரியும். இரண்டையும் இடைச்சொற்களால் வெவ்வேறு விதமாக இணைக்க, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு கதை எட்டிப் பார்க்கிறது.

எமது மொழியில் இவ்வேலையை வேற்றுமை உருபுகள் செய்கின்றன. குடை, கிணறு என்ற இரண்டையும் எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து வந்த குடை, கிணற்றுக்குக் குடை, குடையால் மூடிய கிணறு, குடைக்குள் கிணறு என நான்கு தலைப்புகள் கிடைத்துவிட்டன. கிணற்றுக்கு யார் குடை பிடித்தார்கள்? ஏன் பிடித்தார்கள்? பிள்ளை கேட்கத் தொடங்கிவிடும். இலக்கண வகுப்பில் கசக்கும் வேற்றுமை இங்கே விளையாட்டாகி விடுகின்றது. சொற்களைச் சிறு துண்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், மழை நாளொன்றில் வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் இதில் ஈடுபடுத்தலாம்.

கவிதைக்கும் இவ்வாறு ஓர் இலகு வழி உண்டு. கென்னத் கோக் என்ற அமெரிக்கக் கவிஞர் 1968 முதல் நியூயோர்க் நகரின் ஆரம்பப் பாடசாலையொன்றில் பிள்ளைகளுக்குக் கவிதை கற்பித்தார். எதுகை மோனையைக் கேட்டால் பிள்ளைகள் ஓசைக்காகப் பொருளை விட்டுவிடுவர் எனக் கண்டு, ஒவ்வோர் அடியும் ஒரே சொற்றொடரில் தொடங்கினால் போதும் என்றார். 'முன்பு நான்... இப்போது நான்...' என்பது அவற்றில் ஒன்று. குழந்தைப் பருவத்துக்கும் வாலிபத்துக்கும் இடையில் நிற்கும் எமது பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். "முன்பு நான் ராத்தாவின் சப்பாத்துக்குள் காலை நுழைத்து நடந்தேன், இப்போது ராத்தா எனது சப்பாத்தை இரவல் கேட்கிறார்" என்று எழுதும் பிள்ளை, தான் வளர்ந்ததைத் தானே அளந்து பார்க்கிறது.

வீட்டுத் தமிழுக்கும் இடமுண்டு

எமது பிள்ளைகளின் பேனையைத் தடுக்கும் இன்னொரு விடயம் மொழி பற்றிய கூச்சம். வீட்டில் ஒரு தமிழ், புத்தகத்தில் ஒரு தமிழ். தென்னிலங்கையில் 'ஈக்கிது' என்பார்கள், கிழக்கில் 'இரிக்கி' என்பார்கள். இரண்டும் எழுதத் தகாத பேச்சு என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். எனவே கதையில் வரும் உம்மும்மாவும் "மகளே, நீ எங்கே செல்கின்றாய்?" என்று வினவுகிறார். எந்த வீட்டில் எந்த உம்மும்மா இப்படிக் கேட்டார்?

இதற்கு எமது எழுத்தாளர்கள் நல்ல விடையை ஏற்கனவே தந்துள்ளனர். திக்குவல்லை கமால் தென்பகுதி முஸ்லிம்களின் பேச்சையும், எஸ்.எல்.எம். ஹனீபா கிழக்கின் பேச்சையும் தமது கதாபாத்திரங்களின் வாயில் வைத்தனர். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விதி எளிமையானது. கதையை நகர்த்தும் வசனங்கள் பாடசாலைத் தமிழில் இருக்கட்டும், மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சு அந்த ஆளின் வாயில் வருவது போலவே இருக்கட்டும். அப்போது இரண்டு தமிழையும் வேறுபடுத்தி அறியும் திறனும் வளரும், பரீட்சைக் கட்டுரையில் பேச்சு வழக்கு கலப்பதும் குறையும்.

சிவப்புப் பேனையைச் சற்றுத் தள்ளி வையுங்கள்

பிள்ளை ஆசையோடு எழுதிக் கொண்டுவந்து நீட்டும் கடதாசியில் நாம் முதலில் தேடுவது எழுத்துப் பிழையைத்தான். 'மலை' என்று எழுதியிருக்கிறாய், 'மழை' அல்லவா என்கிறோம். அன்று மழையில் என்ன நடந்தது என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். இவ்வாறு இரண்டு மூன்று தடவை நடந்தால், பிழை விடாமலிருக்க ஒரே வழி குறைவாக எழுதுவதுதான் என்று பிள்ளை தீர்மானித்துவிடும். 'நான்கு வரிக்கு மேல் வராது' என்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

முதல் தடவை எழுதியதில் எதையும் திருத்த வேண்டாம். பிள்ளையே சத்தமாக வாசிக்கட்டும். "இந்த இடம் எனக்குப் பிடித்தது" என்று ஓரிடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். "இந்த இடம் எனக்குச் சரியாக விளங்கவில்லை, இன்னும் சொல்லுங்கள்" என்று இன்னோரிடத்தைக் காட்டுங்கள். அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 'ஒரு மழை நாள்' என்ற தலைப்பில் பிள்ளை இப்படி எழுதுகிறது என வைத்துக்கொள்வோம்: "மழை பெய்தது. இடி இடித்தது. மின்னல் மின்னியது. மக்கள் பெரும் துன்பமுற்றனர்."

அன்று நீங்கள் எங்கே நின்றீர்கள்? என்ன சத்தம் கேட்டது? உம்மும்மா என்ன செய்தார்? தம்பி எங்கே இருந்தான்? இந்த நான்கு கேள்விகளுக்கும் வாயால் விடை சொன்ன பின்னர் அதே பிள்ளை இப்படி எழுதக்கூடும்: "தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் உம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. உம்மும்மா தொழுகைப் பாயைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார். ஒழுகும் இடத்தில் வைத்த சட்டியில் விழும் துளிகளைத் தம்பி எண்ணினான். 62 வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான்."

இரண்டாவதில் 'துன்பம்' என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த வீட்டின் துன்பமும் இருக்கிறது, அதன் நடுவே ஒரு சின்னச் சிரிப்பும் இருக்கிறது. இதன் பிறகே எழுத்துப் பிழைக்கு வர வேண்டும். அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வகை மட்டும். இம்முறை ல, ள, ழ என்றால், அடுத்த முறை ர, ற. அதன் பின் நல்ல கடதாசியில் அழகாகப் பிரதி செய்யட்டும்.

உம்மும்மாவிடம் ஒரு பேட்டி

"நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு இவையெல்லாம் தெரியாது" என்று ஒதுங்கும் தாய்மார் உள்ளனர். உங்களிடம் கதை இருக்கிறது, பிள்ளையிடம் பேனை இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் போதும்.

பிள்ளையை வீட்டிலுள்ள மூத்தவரிடம் அனுப்பிப் பேட்டி எடுக்கச் செய்யுங்கள். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பகுதிக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்குள்ள பாடசாலைகளில் படிக்கின்றனர். வரும்போது உம்மும்மா கையில் எதை எடுத்து வந்தார், எதை விட்டு வந்தார் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியுமா? 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் சுனாமி வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஹம்பாந்தோட்டையிலும் இருந்தவர்கள் என்ன கண்டார்கள்? இன்று இடைநிலை வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையும் அப்போது பிறந்திருக்கவில்லை. பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போது எழுதப்படாதவை அவர்களுடனேயே போய்விடும்.

துயரக் கதையைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் விரும்பாவிட்டால், முதன்முதலில் பாடசாலைக்குப் போன நாளையோ, அந்தக் காலத்துப் பெருநாளையோ, வட்டிலப்பம் அவிக்கும் பக்குவத்தையோ கேட்கலாம்.

தாய்மாரின் சில சந்தேகங்கள்

'இதனால் பரீட்சைப் புள்ளி குறையாதா?' குறையாது. கட்டுரையின் அமைப்பு, பந்தி பிரித்தல், எழுத்துத் திருத்தம் யாவும் வேண்டியவையே. அவற்றுடன் பிள்ளையின் சொந்த உதாரணம் ஒன்றும் சேரும்போது, ஒரே மாதிரியான விடைத்தாள்களுக்கு நடுவில் அக்கட்டுரை தனித்துத் தெரியும். பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் கைகொடுப்பது இந்தப் பழக்கமே.

'இல்லாததைக் கதையாக எழுதுவது பொய் சொல்வதாகாதா?' பொய் என்பது கேட்பவரை உண்மையென நம்பவைத்து ஏமாற்றுவது. கதையோ தன்னைக் கதையென்றே சொல்லிக்கொண்டு வருகிறது. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தி எமது சமூகத்தின் கல்விக்காக உழைத்த அறிஞர் சித்தி லெப்பைதான் 1885இல் 'அஸன்பே சரித்திரம்' என்ற கதையை எழுதினார். அதுவே இலங்கையின் முதலாவது தமிழ் நாவலாகக் கருதப்படுகிறது.

'வீட்டு விடயங்களைக் கொப்பியில் எழுதி வெளியே கொண்டுபோனால்?' இது நியாயமான கவலை. பிறர் வாசிக்கப் போவதற்கும் தனக்காக எழுதுவதற்கும் இரண்டு கொப்பிகள் இருக்கட்டும். பிறர் வாசிக்கும் கதையில் ஆட்களின் பெயரையும் ஊரையும் மாற்றவும், எவரது குறையையும் அம்பலப்படுத்தாமலிருக்கவும் பழக்குங்கள். தனக்கான கொப்பியை அனுமதியின்றித் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்து அதைச் சொல்லிக் காட்டினால், அத்துடன் பிள்ளை உண்மையை எழுதுவதை நிறுத்திவிடும்.

ஆனால் பிள்ளை தானாகக் கொண்டுவந்து காட்டும் எழுத்தில் பயமோ, எவரோ துன்புறுத்துவதான சாடையோ தென்பட்டால் அதைக் கதையென்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். பொறுமையாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் நம்பிக்கையான ஆசிரியை ஒருவரின் உதவியை நாடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்காகவே உள்ளது. வாயால் சொல்ல முடியாததை ஒரு பிள்ளை எழுத்தால் சொல்லத் துணிந்தால், அதை வாசிப்பவர் கைவிடக் கூடாது.

ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை

நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகளுடனும் பேச இயலாது. முதல் ஐந்து நிமிடங்களில் ஒரு நுட்பம், அடுத்த இருபது நிமிடங்களில் எழுத்து, எஞ்சிய நேரத்தில் இருவர் இருவராக வாசித்துக் காட்டுதல் எனப் பிரிக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு பேரிடம் மட்டும் சென்று பேசினால் ஏழு பாடவேளைகளில் வகுப்பு முழுவதையும் சுற்றி வந்துவிடலாம். மாத முடிவில் ஒரு சுவர்ப் பத்திரிகையோ, தைத்த கையெழுத்துச் சஞ்சிகையோ வரட்டும். புள்ளிக்காக எழுதுவதை விட வாசகருக்காக எழுதும்போது பிள்ளைகள் அதிக கவனம் எடுப்பார்கள்.

இம்மாதம் முயன்று பார்க்கச் சில தலைப்புகள்:

- எங்கள் வீட்டு அடுப்படியின் ஐந்து சத்தங்கள்
- நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது
- வாப்பாவின் கைகள்
- உம்மும்மாவின் பெட்டகத்தில் இருப்பவை
- எனக்குப் பயம் தந்த ஓர் ஒழுங்கை
- முன்பு நான், இப்போது நான்

இவற்றில் ஒன்றைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும். கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடங்கள் முடிந்ததும், "எங்கே, வாசித்துக் காட்டுங்கள் மகள்" என்று சொல்லி, கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள்.